ஒப்பந்தம் செய்ய இருவர் வேண்டும்

‘காண்ட்ராக்ட்’ என்ற ஆங்கிலச் சொல் வினையாக வரும்போது அதற்கு ஒப்பந்தம் செய்துகொள்வது என்றும் பொருள், சுருங்குவது என்றும் பொருள். ‘சேர்த்து இழுத்தல்’ என்னும் லத்தீன் வேரிலிருந்தே இரண்டும் வந்தன. மணமான ஆங்கிலேயப் பெண்ணுக்கு நெடுங்காலம் வாய்த்தது இரண்டாவது பொருள்தான்.

கணவனும் மனைவியும் சட்டத்தின் முன் ஒரே ஆள் என்று 1765இல் எழுதினார் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன். அந்த ஒரே ஆள் நடைமுறையில் கணவன். திருமணத்துக்கு அவள் சம்மதம் தேவைப்பட்டது. சம்மதித்த பிறகோ, பொதுச் சட்டத்தின்படி அவள் தன் பெயரில் ஒப்பந்தம் செய்ய முடியாது. கணவனோடும் முடியாது, ஒரே ஆள் தன்னோடு தானே எப்படி உடன்படுவது?

எழுத்தாளர் கரோலின் நார்ட்டன் இதன் விலையை அறிந்தவர். பிரிந்து வாழ்ந்த கணவர், ஆண்டுதோறும் பணம் தருவதாக 1848இல் உடன்பட்டார், பின்னர் நிறுத்தினார். 1853இல் விவகாரம் நீதிமன்றத்துக்கு வந்தது. மனைவியோடு செய்த ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது என்பதே கணவருக்குக் கேடயமானது. கரோலின் எழுதிச் சம்பாதித்த பணத்துக்கும் சட்டம் கணவரையே உரிமையாளராக்கியிருந்தது. 1854இலும் 1855இலும் தன் வழக்கையே சான்றாக வைத்து, சட்டத்தை மாற்றக் கோரிப் பிரசுரங்கள் எழுதினார்.

1882ஆம் ஆண்டுச் சட்டம், தனிச்சொத்தின் அளவுக்கு மணமான பெண் ஒப்பந்தம் செய்யலாம் என்றது. அந்த வரம்பு நீங்க 1935 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒருமுறை ‘சரி’ சொன்னவளிடமிருந்து, மறுமுறை ‘சரி’யோ ‘முடியாது’ என்றோ சொல்லும் உரிமையையே பறித்த ஏற்பாட்டுக்கும் ஒப்பந்தம் என்றே பெயர். எந்த உடன்படிக்கையிலும் முதலில் பார்க்க வேண்டியது, அந்த வினைக்கு எழுவாய் யார் என்பதைத்தான்.