திருகோணமலை: கோடைகாலச் சுற்றுலா

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலைக்குக் கோடையே உரிய பருவம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று காலியையும் கொழும்பையும் நனைக்கிறது. மத்திய மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு, கிழக்கே வறண்ட கச்சான் காற்றாக வீசுகிறது. அப்போது உப்புவெளி, நிலாவெளிக் கடல் குளம்போல் அடங்கிக் கிடக்கும். வடகீழ்ப் பருவமழையில் இதே கடல் கொந்தளிப்பதால், குளிர்கால விடுமுறையில் வருவோர் ஏமாறுவதுண்டு. ஊரின் தனிச்சிறப்பு கரையை ஒட்டியே தொடங்கும் ஆழ்கடல் பள்ளத்தாக்கு. அதனால்தான் நீலத்திமிங்கிலங்கள் நிலத்துக்கு இவ்வளவு அருகே வருகின்றன. அமைதியான நாளில் கோணேசர் கோயில் நிற்கும் பாறையிலிருந்தே அவற்றின் நீர்ப்பீச்சு தென்படக்கூடும்.

வெயில் தாங்காது என்பது வழக்கமான ஆட்சேபம். நண்பகலைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் படகுப் பயணம் விடியலிலும், பிரட்றிக் கோட்டையும் கோயிலும் மாலையிலும் அமைந்தால் வெயிலின் கடுமை பெரிதும் குறையும். (கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் மதியத்தில் பார்ப்பவருக்கு அனுதாபம் மட்டுமே சொல்லலாம்.) இதைவிட வலுவானது சூழல் சார்ந்த ஆட்சேபம். 2003-இல் தேசியப் பூங்காவான புறாத்தீவின் பவளப்பாறைகள், கடல் வெப்பமடைவதாலும் மிதிபடுவதாலும் நலிகின்றன. இரண்டும் கோடையிலேயே கூடுகின்றன. பருவத்தை மாற்ற இயலாது. தீவில் இறங்குவோரின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த இயலும்.