கலத்தின் முதிர்ச்சியும் புரதங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

விஞ்ஞான வரலாற்றை மேதைகளின் வரலாறாக மட்டும் காண்போர், ஓர் உண்மை எந்நிலைமைகளிற் புலப்படுகின்றது என்ற வினாவை எழுப்புவதில்லை. நரம்புநாரைச் சூழ்ந்த கொழுப்புறைக்கு 1854 இல் வேர்ஷோ 'மயலின்' எனப் பெயரிட்டார். மூளையில் அதனை ஆக்கும் கலங்களோ 1921 இலேயே தெளிவாக இனங்காணப்பட்டன. 1913 இல் 'மூன்றாம் கூறு' எனக் கஹால் பொதுப்பட வகுத்ததனை, வெள்ளிக் காபனேற்றுச் சாயமுறையினால் ஹோர்ட்டேகா பிரித்துக் காட்டினார். அவற்றுள் ஒருவகையே ஒலிகோடென்றோகிளியா. கண்டவர் மாணவர், ஏற்கத் தயங்கியவர் ஆசான். புதிய ஆய்வுமுறை பழைய அதிகாரத்துடன் மோதியது. 1920 இலேயே கஹாலின் ஆய்வுகூடத்திலிருந்து விலக்கப்பட்டிருந்த ஹோர்ட்டேகாவை, 1936 இல் மூண்ட உள்நாட்டுப் போர் ஸ்பெயினை விட்டே வெளியேற்றியது. பாரிஸ், ஒக்ஸ்போர்ட் வழியாகச் சென்ற அவர் 1945 இல் புவனஸ் அயர்ஸில் மறைந்தார். அவர் சுட்டிய மயலின் தொடர்பை 1960களின் தொடக்கத்தில் இலத்திரன் நுணுக்குக்காட்டி உறுதிசெய்தது.

அடுத்து எழுந்தது, இக்கலங்கள் எவ்வாறு முதிர்கின்றன என்ற வினா. 1983 இல் ராஃப், மில்லர், நோபிள் ஆகியோர் எலியின் பார்வை நரம்பில் இவற்றின் முன்னோடிக் கலங்களைக் கண்டனர். 1988 இல், அயற்கலங்கள் சுரக்கும் பிடிஜிஎஃப் என்னும் வளர்ச்சிப் புரதம் அம்முன்னோடிகளின் பிரிவைத் தூண்டி, காலத்துக்கு முந்திய முதிர்ச்சியைத் தடுக்கின்றது என்பது புலனாயிற்று. 2000 இல் அறியப்பட்ட ஒலிக்2 என்னும் புரதம் கலத்தின் வழியை நிர்ணயிக்கின்றது. 2009 இல் விளக்கம்பெற்ற மிர்ஃப் என்னும் புரதம் மயலினுக்குரிய பரம்பரை அலகுகளை இயக்குகின்றது. நொச், லிங்கோ-1 ஆகியனவோ முதிர்ச்சியைத் தடுக்கின்றன. தூண்டலும் தடையும், அகமும் புறமும் ஒன்றையொன்று நிபந்தனைப்படுத்தும் இவ்வியக்கத்தில் தனியாட்சி செலுத்தும் புரதம் எதுவுமில்லை.

இது வெறுந் தத்துவ விவகாரமன்று. பன்முகத் தடிப்பு நோயாளரின் மூளைப் புண்கள் பலவற்றில் முன்னோடிக் கலங்கள் உள்ளன, அவை முதிர்வதில்லை. லிங்கோ-1 இனைத் தடுக்கும் மருந்தொன்று விலங்குகளில் நம்பிக்கையளித்தும், 2016 இல் வெளியான மனிதப் பரிசோதனை முடிவில் முதன்மை இலக்கை எட்டவில்லை. ஒரு தடையை நீக்கினால் முழுமையும் மாறும் என்ற பொறிமுறைவாத எதிர்பார்ப்புக்கு இத்தோல்வி ஓர் எச்சரிக்கை. கலத்தை அதன் சூழலிலிருந்து பிரித்து நோக்கும் ஆய்வு நோயாளருக்குப் பயன்தராது. விஞ்ஞானியை அவர் காலத்திலிருந்து பிரித்து நோக்கும் வரலாறும் அத்தகையதே.