வெற்றிடப் பம்பிலிருந்து திரைக்கு: சிறுவிமானக் கருவிப் பலகையின் மாற்றம், 1929–2018

1982-இல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 767-இல், விமானத்தின் சாய்வையும் திசையையும் காட்டும் முதன்மைக் கருவிகள் படக்குழாய்த் திரைகளாகிவிட்டன. பழைய செஸ்னா 172 ஒன்றை வைத்திருக்கும் அமெரிக்கருக்கு அத்தகைய திரை எளிய விலையில் கிடைத்தது 2016-இல்தான். இடைப்பட்ட 34 ஆண்டுத் தாமதத்துக்குத் தொழில்நுட்பத்தின் விலையைக் காரணமாகச் சொல்வது வழக்கம். முதல் இருபது ஆண்டுகளுக்கு அந்த விளக்கம் பொருந்தும். அதன் பிறகு பொருந்தாது. பிற்பகுதித் தாமதத்துக்குச் சான்றளிப்பு முறையே முதன்மைக் காரணம் என்பதும், அம்முறை எழுப்பிய கேள்வி மாறியபோதே கருவிப் பலகையும் மாறியது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள மிட்செல் களத்தில், விமானி ஜிம்மி டூலிட்டில் மூடப்பட்ட விமானியறைக்குள் அமர்ந்து, வெளியே எதையும் பாராமல் கருவிகளை மட்டுமே நம்பி விமானத்தை ஏற்றிப் பறந்து இறக்கினார். பாதுகாப்புக்காக முன்னிருக்கையில் பென் கெல்சி இருந்தார். பால் கோல்ஸ்மன் செய்த நுட்பமான உயரமானியும், ஸ்பெரி நிறுவனத்தின் செயற்கை அடிவானமும் திசைச் சுழல்காட்டியும் அன்று சோதனையில் தேறின. 1937-இல் பிரிட்டிஷ் வான்படை ஆறு கருவிகளை ஒரே ஒழுங்கில் அமைத்துத் தரப்படுத்தியது. ஓரிரு மாறுதல்களோடு அந்த ஆறுமுகப் பலகையே அடுத்த அறுபது ஆண்டுகளுக்குச் சிறுவிமானங்களில் நிலைத்தது.

அந்தப் பலகையின் பலவீனம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. செயற்கை அடிவானத்துக்குள் வேகமாகச் சுழலும் சக்கரம் தன் நிலையை விட்டு விலகாது. விமானம் சாய்வதை அதை ஒப்பிட்டே கருவி காட்டுகிறது. சக்கரத்தைச் சுழற்றுவது காற்றோட்டம். அந்தக் காற்றை இழுப்பது எஞ்சினோடு இணைந்த வெற்றிடப் பம்ப். பின்னாளில் பரவலான உலர்வகைப் பம்புகளில் கார்பன் தகடுகள் தேய்ந்து, பெரும்பாலும் எச்சரிக்கையின்றியே உடையும். பம்ப் நின்றாலும் சக்கரம் உடனே நிற்பதில்லை. வேகம் குறையக் குறைய அடிவானக் கோடு மெல்லச் சாயத் தொடங்கும். மேகத்துக்குள் இருக்கும் விமானி, சாய்வது விமானம்தான் என்று நம்பி அதைத் திருத்த முயல்வார். உண்மையில் நேராக இருந்த விமானம் அப்போதுதான் சாயும். உட்செவியின் சமநிலை உணர்வும் அந்நேரத்தில் பொய் சொல்லும். செயலிழந்த கருவியைவிட, செயலிழந்ததைச் சொல்லாத கருவி கொடியது.

2000 அக்டோபர் 16 அன்று மிசௌரி ஆளுநர் மெல் கார்னஹன், அவர் மகன், உதவியாளர் ஒருவர் ஆகிய மூவர் இறந்த செஸ்னா 335 விபத்தில், இரவும் மோசமான வானிலையும் சேர்ந்த சூழலில் விமானி திசையுணர்வு இழந்ததைக் காரணமாகவும், முதன்மை அடிவானக் கருவி பழுதானதைத் துணைக் காரணங்களில் ஒன்றாகவும் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் குறித்தது.

மாற்றுக் கருவி ஏன் வரவில்லை? பெரிய விமானங்கள் நம்பிய லேசர் சுழல்காட்டிகள் சிறுவிமான உரிமையாளர் நினைத்துப் பார்க்க முடியாத விலையில் இருந்தன. சிலிக்கான் சில்லில் செதுக்கிய நுண் உணரிகளை மோட்டார் வாகனத் தொழில் மலிவாக்கிய பிறகே அந்தத் தடை நீங்கியது. இன்னொரு தடை எண்களில் இருந்தது. உயிர்ப்பலி வாங்கக்கூடிய ஒரு பழுது நூறு கோடிப் பறப்பு மணிக்கு ஒருமுறைக்கு மேல் நேரக்கூடாது என்பது பெரிய விமானங்களுக்கான அளவுகோல். சிறுவிமானங்களுக்கும் அதையே வைத்தால், மென்பொருளைச் சரிபார்க்கும் செலவே விமானத்தின் விலையை மிஞ்சும். 1999-இல் அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. தன் வழிகாட்டுதலைத் திருத்தி, விமானங்களை நான்கு வகுப்புகளாகப் பிரித்தது. ஒற்றை பிஸ்டன் எஞ்சின் கொண்ட எளிய வகுப்புக்கு அந்த வரம்பு பத்து லட்சம் மணிக்கு ஒன்று எனத் தளர்ந்தது. இந்த வரலாற்றில் பலரும் கவனிக்காத திருப்பம் இது. பேச்செல்லாம் திரைகளைப் பற்றியே நடக்கிறது. திரைகளுக்கு வழிவிட்டது இந்த வறண்ட ஆவணம்.

பலன் விரைவில் தெரிந்தது. 1994-இல் நாசா தொடங்கிய அகேட் கூட்டுத்திட்டம், புதிய சிறுவிமானங்களில் மின்னணுத் திரைக்கான ஆய்வுத் தளத்தை ஏற்கெனவே அமைத்திருந்தது. 2003-இல் சிரஸ் எஸ்.ஆர்.22 அவிடைன் நிறுவனத்தின் முதன்மைப் பறப்புத் திரையோடு வந்தது. 2004-இல் செஸ்னா 182-இலும் டயமண்ட் டி.ஏ.40-இலும் கார்மின் ஜி1000 இடம்பெற்றது. இவையெல்லாம் புது விமானங்கள். 1986-இல் செஸ்னா தன் ஒற்றை பிஸ்டன் எஞ்சின் விமான உற்பத்தியை நிறுத்திப் பத்தாண்டு கழித்தே மீண்டும் தொடங்கியதால், பறந்துகொண்டிருந்தவற்றில் பெரும்பாலானவை அதற்கு முந்தைய பழைய விமானங்கள்.

அவற்றுக்கான வழியை வீட்டில் விமானம் கட்டுவோர் காட்டினார்கள். சோதனை வகைச் சான்றிதழில் பறக்கும் அத்தகைய விமானங்களுக்குக் கருவிச் சான்று தேவையில்லை. டைனான் நிறுவனம் 2003-இல் வெளியிட்ட டி10, பழைய வட்டக் கருவி இருந்த துளையிலேயே பொருந்தியது. அது அவர்களிடையே வேகமாகப் பரவியது. தன் கையால் கட்டிய விமானத்தில் வைத்துப் பறக்கலாம், தொழிற்சாலையில் செய்த செஸ்னாவில் வைக்கக்கூடாது என்ற முரண் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 2008-இல் சான்றிதழோடு வந்த ஆஸ்பென் திரை, ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ள இரண்டு துளைகளில் பொருந்தியதால் பலகையை வெட்டவேண்டிய வேலையைத் தவிர்த்தது. விலையோ பழைய விமானத்தின் மதிப்போடு ஒப்பிட்டால் இன்னும் பாரமாகவே இருந்தது.

திரைகளுக்கு எதிராக வலுவான சான்று ஒன்றும் உண்டு. பாதுகாப்பு வாரியம் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, 2002 முதல் 2006 வரை தயாரான 8,364 சிறுவிமானங்களை எடுத்துக்கொண்டு, திரை உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் ஒப்பிட்டது. திரை விமானங்களின் மொத்த விபத்து வீதம் குறைவு. உயிரிழப்பு விபத்து வீதமோ அதிகம். இதைத் திரையின் தோல்வி என்று படிப்பது அவசரம். பழைய வகைப் பலகை உள்ளவை பயிற்சிப் பறப்புகளில் அதிகம் ஈடுபட்டன. திரை உள்ளவை நீண்ட பயணங்களிலும் கருவிவழிப் பறப்பிலும் அதிகம் ஈடுபட்டன. ஆனால் திரை தானாகவே உயிர் காக்கும் என்ற நம்பிக்கையை அந்த ஆய்வு கலைத்தது. பயிற்சி போதாது என்ற அதன் முடிவு சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

2015 செப்டம்பரில் எஃப்.ஏ.ஏ. வெளியிட்ட கொள்கை அறிக்கை, வெற்றிடத்தால் இயங்கும் அடிவானக் கருவிக்குப் பதிலாக மின்னணுக் கருவி பொருத்துவதை எளிதாக்கியது. முன்பு, புதிய கருவி குறையற்றதா என்று கேட்டார்கள். இப்போது, பலகையில் ஏற்கெனவே இருப்பதைவிடப் பாதுகாப்பானதா என்று கேட்டார்கள். 2016 ஏப்ரலில், சோதனை விமானச் சங்கமான இ.ஏ.ஏ.-யின் முயற்சியால், சான்றற்ற டைனான் டி10ஏ செஸ்னா 150, 152, 172 விமானங்களிலும் சில பைப்பர் வகைகளிலும் அனுமதி பெற்றது. அதே ஆண்டு ஜூலையில் கார்மின் ஜி5 திரை 2,149 டாலருக்கு வந்தது. நான்கு மணி நேரம் வரை தாங்கும் துணை மின்கலமும் அதற்கு உண்டு. அடுத்த ஆண்டு திசைகாட்டும் இரண்டாம் ஜி5-க்கும் ஒப்புதல் கிடைத்தபோது, வெற்றிடப் பம்பையே கழற்றிவிட வழி பிறந்தது.

பயிற்சியில் மட்டும் விதி அவ்வளவு தூரம் வரவில்லை. 2018-இல் திருத்திய அமெரிக்க விதிகள், வணிக விமானி உரிமத்துக்கான பத்து மணி நேரப் பயிற்சியை மின்னணுத் திரையும் தானியங்கி இயக்கியும் கொண்ட விமானத்தில் பெறலாம் என்றன. தன் பழைய செஸ்னாவின் பலகையைப் புதுப்பிக்கும் தனியாருக்கோ, புதிய திரையில் பயிற்சி பெறவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. கருவிவழிப் பறப்புத் தகுதி இருந்தால், பட்டறையிலிருந்து விமானத்தை எடுத்த நாளே அவர் மேகத்துக்குள் போகலாம். பழுதைக் காட்டும் சிவப்புக் குறுக்குக்கோடு திரையில் தோன்றினால் அடுத்து எந்தக் கருவியைப் பார்ப்பது என்பதை, ஒரு பயிற்றுநரோடு அமர்ந்து சில மணி நேரமேனும் பழகிய பிறகே அவர் அப்படிப் பறக்கவேண்டும் என்று விதி எழுதுவது கடினமான வேலை அன்று. 2010-இலேயே அதற்கான காரணம் வாரியத்தின் அறிக்கையில் அச்சாகிவிட்டது.