சித் காப்பியம் காட்டும் வீரன்

ஒரு நாட்டு மக்கள் எத்தகையவனை வீரன் எனப் போற்றினர் என்பதை அந்நாட்டுக் காப்பியங்கள் தெளிவாகக் காட்டும். இடைக்கால ஸ்பெயினில் எழுந்த வீரக் காப்பியங்களுள் தலைசிறந்தது 'சித் காப்பியம்' ஆகும். ஏறத்தாழ 3,700 அடிகளைக் கொண்ட இந்நூல் 1200ஆம் ஆண்டை ஒட்டி இன்றைய வடிவம் பெற்றதென அறிஞர் பலர் கருதுவர். இதன் ஒரே பழைய கைப்படி மாட்ரிட் நகரில் உள்ள தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

காப்பியத் தலைவன் கற்பனை மாந்தன் அல்லன். ரொத்ரிகோ தியாஸ் என்னும் இயற்பெயர் கொண்ட அவன், புர்கோஸ் நகரை அடுத்த விவார் என்னும் ஊரைச் சேர்ந்தவன். காஸ்தீல் மன்னன் ஆறாம் அல்போன்சோ 1081இல் அவனை நாடு கடத்தினான். 1094இல் வலென்சியா நகரைக் கைப்பற்றிய ரொத்ரிகோ, 1099இல் இறக்கும்வரை அதனை ஆண்டான். 'சித்' என்னும் சிறப்புப்பெயர், தலைவன் எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வழிவந்தது. 'சையது' என நம்மிடையே வழங்கும் பெயருக்கும் அச்சொல்லே மூலமாகும்.

இவ்வீரனைப் புலவர் எவ்வாறு அறிமுகம் செய்கிறார்? கைப்படியின் முதல் ஏடு கிடைக்கவில்லை. எஞ்சிய பகுதி வெறிச்சோடிய தன் இல்லத்தை நோக்கிக் கண்ணீர் வடிக்கும் சித்தோடு தொடங்குகிறது. புர்கோஸ் நகரில் அவனுக்கு எவரும் இடம் தரவில்லை. அவனுக்கு உதவுவோர் உடைமையையும் கண்களையும் இழப்பர் என்னும் அரச ஆணையை ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி எடுத்துரைக்கிறாள். படைவலி மிக்க அவன் ஒரு கதவையும் உடைக்காமல் நகரைக் கடந்து செல்கிறான். அடக்கமே அவனுடைய முதல் வீரம் எனப் புலவர் இங்கே உணர்த்திவிடுகிறார்.

தன்னைத் துரத்திய மன்னனுக்கே வெற்றிப் பொருளில் ஒரு பங்கை அவன் அனுப்பி வைக்கிறான். மன்னனின் விருப்பப்படி அவனுடைய பெண்மக்கள் இருவரும் கரியோன் குலத்து இளைஞர் இருவரை மணக்கின்றனர். கோழைகளாகிய அக்கணவர்கள் கோர்ப்பஸ் காட்டில் அவர்களை அடித்துக் குற்றுயிராக விட்டுச் செல்கின்றனர். பழிவாங்கும் கதைகளில் இதன்பின் குருதி ஆறு பெருகும். சித்தோ தொலேதோவில் கூடிய அரசவையில் வழக்குரைக்கிறான். முதலில் தான் அளித்த வாள்களையும், அடுத்துத் திருமணப் பொருளையும், இறுதியாக அறைகூவல் மூலம் மானத்தையும் மீட்கிறான். போரில் வென்றவனை அவையிலும் வெல்லச் செய்தமையே இக்காப்பியத்தின் தனிச்சிறப்பு எனலாம்.

எனினும், வரலாறு கூறும் செய்திகள் சில இதனின்று வேறுபடுகின்றன. நாடு கடத்தப்பட்ட ரொத்ரிகோ சரகோசாவின் இசுலாமிய மன்னர்களிடம் சில ஆண்டுகள் பணிபுரிந்தான். அவர்களுக்காகக் கிறித்தவத் தலைவர்களையும் எதிர்த்துப் போரிட்டான். வலென்சியாவை முன்னர் ஆண்ட இப்னு ஜஹ்ஹாஃபை உயிரோடு எரித்தான். அவனுடைய ஒரே மகன் தியேகோ 1097இல் போர்க்களத்தில் மாண்டான். இவற்றுள் ஒன்றையும் காப்பியம் கூறவில்லை. மாறாக, அது விரித்துரைக்கும் கரியோன் திருமணத்திற்கு வரலாற்றுச் சான்று இல்லை.

இவ்வாறு சிலவற்றை விலக்கியும் சிலவற்றைப் புனைந்தும் புலவர் ஒரு வடிவத்தைச் செதுக்கியுள்ளார். குலப்பெருமையால் செருக்குற்ற கரியோன் குலத்தாரை, உழைப்பால் உயர்ந்தவன் சட்டத்தின் துணையால் தலைகுனியச் செய்வதே அவர் காட்ட விழைந்த காட்சி.

பிற்காலத்தார் அவ்வடிவத்தையும் மாற்றினர். 1955இல் புர்கோஸ் நகரில் சித்தின் சிலை திறக்கப்பட்டபோது, சர்வாதிகாரி பிராங்கோ அவ்விழாவில் கலந்துகொண்டார். குதிரைமேல் வாளை நீட்டிப் பாயும் சித்தையே அச்சிலை காட்டுகிறது. அவையில் நீதி கேட்டு நின்ற சித்தை அங்கே காண இயலாது.

ஆதலின், காப்பிய வீரனைப் பயிலும் மாணவர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். அவன் உண்மையில் யாது செய்தான்? புலவர் எதனைப் பாடினார்? பின்வந்தோர் எதனை எடுத்துக்கொண்டனர்? இம்மூன்றையும் பிரித்தறியும் பயிற்சி பெற்றவரே காப்பியத்தைச் சுவைக்கவும், வரலாற்றில் ஏமாறாதிருக்கவும் வல்லவராவர்.