கட்டுமரம்: ஒரு வினைத்தொகை கடல் கடந்த வரலாறு

ஆங்கிலத்திற்குத் தமிழ் ஈந்த சொற்களைப் பட்டியலிடுவோர் சுருட்டு, மிளகுதண்ணீர் ஆகியவற்றோடு கட்டுமரத்தையும் சேர்த்துப் பெருமிதம் கொண்டு அமைவர். சென்ற சொல் அங்கு என்னவாயிற்று என்று பின்தொடர்ந்து பார்ப்போர் சிலரே.

கட்டுமரம் வினைத்தொகை. கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலமும் அதனுள் கரந்து நிற்கும். இவ்விலக்கணத்திற்கு உரை வேண்டுவோர் வியாசர்பாடிக்குக் கிழக்கே காசிமேட்டுக் கரையை நினைத்தால் போதும். மீனவர் எடை குறைந்த மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கடலேறினர். கரை சேர்ந்ததும் அவிழ்த்து உலரவிட்டனர். மறுநாள் மீண்டும் கட்டினர். ஆணிக்கு அங்கு வேலையில்லை.

1697இல் வெளியான தம் பயணநூலில் வில்லியம் டாம்பியர், தென்னமெரிக்கக் கரையின் மரமிதவைகளை விளக்குமிடத்து, சோழமண்டலக் கரையில் இவற்றைக் 'கேட்டமரான்' என்பர் என எழுதினார். எங்கோ கண்ட பொருளுக்கு நம் பெயர் துணையாயிற்று! சென்னையில் துறைமுகப் பணி 1875இல்தான் தொடங்கியது. அதற்கு முன் கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, கட்டுமரக்காரர் கடிதங்களைத் தலைக்குல்லாயில் நனையாது பொதிந்து கொண்டு சேர்த்தனர். வந்திறங்கிய ஆங்கிலேயர் பலர் முதலில் கண்ட தமிழர் இவர்களே.

பின்னர்ச் சொல் தடம் மாறியது. 1804இல் பூலோன் துறையில் நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க ஆங்கிலேயர் ஏவிய வெடிகலங்கள் இப்பெயர் பெற்றன. 19ஆம் நூற்றாண்டுப் பேச்சு வழக்கிலோ சண்டைக்காரக் கிழவிக்கும் இதுவே வசையாயிற்று. முதலசை ஆங்கிலத்தில் பூனையை நினைவூட்டியதே காரணம் போலும்; மரத்திற்கும் மூதாட்டிக்கும் வேறு உறவில்லை. 1876இல் நத்தானியல் எரசாஃப் என்னும் அமெரிக்கர் 'அமரில்லிஸ்' என்ற இரட்டையுடற் படகைப் பந்தயத்தில் செலுத்தி வென்றார். இன்று உலகம் அச்சொல்லால் அறிவது அத்தகு படகையே. பிணைத்த மரங்களும் அதில் இல்லை, அவிழ்க்கும் கயிறும் இல்லை. ஆங்கிலம் பெயரைக் கொண்டது. வினையைக் கரையிலேயே விட்டுச் சென்றது.

கரையிலும் அவ்வினை அருகி வருகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. இரட்டையுடற் படகைக் 'கேட்டமரான்' என்றே தமிழில் எழுதுவோரும் உளர், அது எவ்வூர்ச் சொல் என்று வினவாமலே.