அலெக்சாந்திரியாவும் முசிறியும்: பாப்பிரசும் பானையோடும்

நடுநிலக்கடல் துறைமுகமான அலெக்சாந்திரியாவுக்கும் சேரர் துறைமுகமான முசிறிக்கும் இடையிலான வணிகத்தைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஆவணம் ஒன்று விளக்குகிறது. வியன்னாவில் பாதுகாக்கப்படும் இவ்வாவணம் 1985இல் பதிப்பிக்கப்பட்டது. இதன் ஒரு பக்கம் முசிறி வணிகக் கடன் குறித்த ஒப்பந்தமாகும். செங்கடற்கரையில் இறங்கும் சரக்கு ஒட்டகங்களில் காப்டோசுக்கும், அங்கிருந்து நைல் வழியே அலெக்சாந்திரியாவுக்கும் செல்லும். நான்கிலொரு பங்கு சுங்கமாகும். மறுபக்கம் எர்மப்பொல்லோன் என்னும் கப்பலின் சரக்கை மதிப்பிடுகிறது.

எஞ்சியுள்ள பகுதிகளில் தமிழ் வணிகர் பெயர் எதுவும் இல்லை. ஆவணத்தை மட்டும் நோக்கின் தமிழர் சரக்கு வழங்கியோராகவே தோன்றுவர். ஆயின் செங்கடல் துறைமுகமான குசேர் அல் காதிமில் கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ்-பிராமியில் பொறிக்கப்பெற்ற பானையோடுகள் கிடைத்துள்ளன. எனவே அவ்வழியின் மறுமுனை வரை தமிழரும் சென்றிருந்தனர் எனக் கொள்ள இடமுண்டு. கணக்கேடு விடுத்த பெயர்களைப் பானையோடுகளே காத்து வந்துள்ளன.