கரமனையாறும் நம் குடிநீரும்

உடலுக்கு உணவு முதல். உணவுக்கு நீர் முதல். இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். புறநானூற்றின் 18ஆம் பாட்டில் குடபுலவியனார், பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீர்நிலைகளைப் பெருக்குமாறு அறிவுறுத்துகிறார். போர் வல்ல மன்னனிடம் அப்புலவர் வேண்டியது பொன்னன்று, நாட்டுக்கு நீர்.

இன்றைய அறிவியலும் இதனையே வேறு சொற்களால் கூறுகிறது. வளர்ந்த மனிதனின் உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீரே. குருதி உயிரணுக்களுக்கு உணவைக் கொண்டு செல்வதும், கழிவுகள் சிறுநீராய் வெளியேறுவதும், வியர்வை உலர்ந்து உடல் வெப்பம் தணிவதும் நீரால் நிகழ்வன. மரமும் வேர் உறிஞ்சிய நீரைக் கொண்டே இலையில் தன் உணவை ஆக்குகிறது. உணவின்றிச் சில வாரங்கள் உயிர் தரிக்கலாம். நீரின்றிச் சில நாட்களே.

நாம் வாழும் திருவனந்தபுரத்தின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். பண்டு இந்நகர் கிணறுகளையும் குளங்களையும் ஆறுகளையும் நம்பி வாழ்ந்தது. கிள்ளியாற்று நீரை மருதங்குழியிலிருந்து பத்மதீர்த்தக் குளத்துக்குக் கொணரக் கொச்சாறு என்னும் கால்வாய் வெட்டப்பட்டது. அது மார்த்தாண்டவர்மர் காலத்துப் பணி என்பர். குடிமக்கள் பெருகவே, சித்திரைத் திருநாள் ஆட்சியில், 1933ஆம் ஆண்டு, கரமனையாற்று நீரை அருவிக்கரையில் தேக்கித் தூய்மை செய்து குழாய்வழி வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. அது அந்நாள் வைசிராய் வில்லிங்டன் பிரபுவின் பெயரைத் தாங்கியது. ஆலயக் கதவுகளை இந்துக்கள் எல்லார்க்கும் திறந்த பிரகடனம் வந்தது 1936இல். கிணறு ஒரு வீட்டுக்கோ ஒரு குலத்துக்கோ உரியதாய் இருந்திருக்கலாம். குழாயில் வரும் நீரோ குலம் கேட்பதில்லை. பின்னர், நகரின் தேவை மேலும் வளர, அதே ஆற்றின் மேற்பகுதியில் 1983இல் பேப்பாறை அணை எழுந்தது.

நம்மில் பலர் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தவர்கள். அந்நாட்டு வயல்களுக்கு உயிரூட்டும் பேச்சிப்பாறை அணையும் திருவிதாங்கூர் அரசு கட்டியதே. மிஞ்சின் என்னும் பொறியாளரின் முயற்சியால் 1906இல் அது நிறைவுற்றது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லை மாறியது. ஆயினும் அங்கு நெல்லை விளைக்கும் கோதையாறும் இங்கு தாகம் தணிக்கும் கரமனையாறும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் பிறந்த உடன்பிறப்புகளே.

2024 செப்டம்பரில் இந்நகர் ஒரு பாடம் கற்றது. நாகர்கோவில் இருப்புப்பாதையை இரட்டிப்பாக்கும் பணியின்பொருட்டுக் குடிநீர்க் குழாய்கள் இடம் மாற்றப்பட்டன. பணி நீளவே, நகரின் பல பகுதிகளில் சில நாட்கள் நீர் வரவில்லை. 9ஆம் நாள் பள்ளிகளுக்கும் விடுமுறை விடப்பட்டது. நம்மைச் சொந்த ஊருக்கு அழைத்துச் செல்லும் பாதைக்காகவே குழாய் வறண்டது! குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தபோதுதான், முற்றத்துக் கிணற்றை மூடிச் சிமெண்டு பூசிய வீடுகளுக்கு அதன் அருமை விளங்கிற்று.

ஒரே ஆற்றை, ஒரே குழாயை நம்பியிருக்கும் நகருக்குக் கிணறு இரண்டாம் துணை. இருக்கும் கிணற்றைத் தூர்வாரிக் காப்பதும், கூரையில் விழும் மழைநீரை அதில் சேர்ப்பதும் நம்மால் இயலாதன அல்ல. ஒரு காலத்தில் திருக்குளத்தை நிரப்பிய கிள்ளியாறு இன்று நகரின் கழிவைச் சுமக்கிறது. அதில் நம் வீட்டுக் குப்பையும் சேராதிருக்க வேண்டும். இஃது அயலூர், இதன் ஆறு அயலார் பொறுப்பு என்று நாம் ஒதுங்குதல் தகாது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கும் மரபினர் நாம். தலைமுறைகளாய் நம் அடுப்பில் உலை வைத்தது கரமனையாற்று நீர். தாமிரபரணியின் பெயரைச் சொல்லித் தரும் நாம், இவ்வாற்றின் பெயரையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவோமாக. விடுமுறை நாளொன்றில் அவர்களை அருவிக்கரைக்கு அழைத்துச் சென்று, நாம் பருகும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டுவோமாக.